மாதிரிப் படம் இல்லாத தறி

1937ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியைப் பற்றிப் பேசும்போது கலை வரலாறு பெரும்பாலும் ஸ்பெயின் அரங்கிலேயே நின்றுவிடுகிறது. பிக்காஸோவின் ‘குவெர்னிக்கா’ அங்கே இருந்ததால் அது இயல்புதான். அதே கண்காட்சியின் நார்வே அரங்கில் ஏறத்தாழ நான்கு மீட்டர் நீளமுள்ள ஒரு சித்திரக் கம்பளம் தொங்கியது. பெயர் ‘எத்தியோப்பியா’. இத்தாலி அந்நாட்டின்மீது படையெடுத்த 1935ஆம் ஆண்டிலேயே நெய்யப்பட்டது. அதன் வலப்பக்க ஓரத்தில் ஈட்டியில் குத்தப்பட்ட முசோலினியின் தலை இருக்கிறது. கண்காட்சியில் அந்தப் பகுதி மட்டும் பார்வையாளர் கண்ணில் படாதபடி மறைக்கப்பட்டது. இத்தாலியும் அந்தக் கண்காட்சியில் அரங்கு அமைத்திருந்த நாடு. அதன் தலைவரைப் புண்படுத்த வேண்டாமென்று நினைத்திருக்கிறார்கள். நெய்தவர் ஹன்னா ரிக்கென். நார்வேயின் மேற்குக் கரையில் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத ஒரு சிறு பண்ணையில் ஆடு வளர்த்து, காய்கறி பயிரிட்டு வாழ்ந்தவர்.

இந்தத் துணிச்சலுக்கு அவருடைய மனத்திண்மையைக் காரணமாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். அவரைப் பற்றிய அறிமுகங்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கின்றன: ஒரு பக்கம் பாசிசத்தை எதிர்த்த வீரப் பெண், இன்னொரு பக்கம் செடிகொடியிலிருந்து சாயம் எடுத்த நாட்டுப்புறக் கைவினைஞர். முதலாமவரை அரசியல் வரலாற்றிலும் இரண்டாமவரைக் கைவினை வரலாற்றிலும் வைத்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே முடிவின் இரு முகங்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம். ரோமம் கத்தரிப்பதிலிருந்து கடைசி ஊடையை அடிப்பதுவரை எல்லா வேலையையும் தன் வீட்டுக்குள் வைத்துக்கொண்டதால்தான் அவரால் யாரிடமும் அனுமதி கேட்காமல் உலகைப் பற்றி நெய்ய முடிந்தது. அவருடைய அரசியல் சுதந்திரத்தைச் சாத்தியமாக்கியது அவருடைய உற்பத்தி முறை.

இதைப் புரிந்துகொள்ள இக்கலையின் பழைய வேலைப் பிரிவினையைப் பார்க்க வேண்டும். சாதாரணத் துணியில் ஊடை ஒரு கரையிலிருந்து மறுகரைவரை ஓடும். சித்திரக் கம்பளத்தில் அப்படி ஓடாது. ஒவ்வொரு நிற நூலும் தனக்குரிய இடத்துக்குள் மட்டும் போய்த் திரும்பும். அழுத்தி அழுத்தி அடிக்கும்போது பாவு முழுவதும் மறைந்து ஊடை மட்டுமே கண்ணுக்குத் தெரியும். துணி தனியே இருந்து அதன்மேல் படம் ஏறுவதில்லை. துணி வளர வளரப் படமும் வளர்கிறது. மெதுவான, கூலி அதிகம் பிடிக்கும் வேலை. அதனால் ஐரோப்பாவில் இது பல நூற்றாண்டுகள் அரசர்களும் திருச்சபையும் செலவு செய்து வளர்த்த கலையாக இருந்தது. ஓவியர் முழு அளவில் ஒரு மாதிரிப் படம் வரைந்து தருவார். பட்டறையில் நெசவாளர்கள் அதைப் பார்த்து நெய்வார்கள். சிஸ்டைன் தேவாலயத்துக்காக ரஃபேல் 1515-16இல் வரைந்த மாதிரிகள் புருஸ்ஸெல்ஸ் நகரில் பீட்டர் வான் ஆல்ஸ்டின் பட்டறையில் நெய்யப்பட்டன. ரஃபேலின் பெயர் நிலைத்தது. தறியில் உட்கார்ந்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

பதினான்காம் லூயியின் ஆட்சியில் கோப்லான் பட்டறை அரசு நிறுவனமானபின் இந்தப் பிளவு இன்னும் ஆழமானது. எண்ணெய் ஓவியத்தின் ஒவ்வொரு நிழலையும் நூலில் அப்படியே கொண்டுவருவதே நெசவாளரின் திறமை என்றானது. 1824இல் அங்கே சாயப் பிரிவின் தலைவராக நியமிக்கப்பட்ட வேதியியலாளர் ஷெவ்ரோலிடம் கறுப்புச் சாயம் சரியில்லை என்ற புகார் வந்தது. அவர் ஆராய்ந்தபோது சாயத்தில் குறையில்லை என்று தெரிந்தது. பக்கத்தில் இருக்கும் நிறம்தான் கறுப்பை வெளிறியதாகக் காட்டுகிறது. அந்த ஆய்வு 1839இல் நூலாக வந்து, பிற்கால ஓவியர்களின் நிறப் பார்வையையே மாற்றியது. தறியில் எழுந்த ஒரு சிக்கல் ஓவியத்துக்கு இவ்வளவு கொடுத்தும், நெசவு தன்னை ஓவியத்தின் நகலாகவே கருதிவந்தது. இருபதாம் நூற்றாண்டில் ஓபுஸோன் நகர நெசவுக்கு மறுவாழ்வு தந்த ழான் லூர்ஸாகூட அடிப்படையை மாற்றவில்லை. நிறங்களைக் குறைத்து, நெசவின் இயல்புக்கு ஏற்ற படங்களை வரைந்தார். ஆனால் மாதிரிப் படத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் நிற எண் குறித்துக் கொடுத்தார். நெசவாளர் எண்ணைப் பார்த்து நூலை எடுத்தால் போதும். சிந்திப்பவர் ஓரிடத்திலும் நெய்பவர் வேறோரிடத்திலும் இருப்பது அப்படியே தொடர்ந்தது.

ஹன்னா இந்த மரபுக்கு வெளியிலிருந்து வந்தவர். 1894இல் சுவீடனின் மால்மோ நகரில் பிறந்தார். ஆசிரியையாகப் பயிற்சி பெற்றார். டென்மார்க்கைச் சேர்ந்த ஃப்ரெட்ரிக் கிரெப்ஸ் என்ற ஓவியரிடம் ஆறு ஆண்டுகள் ஓவியம் கற்றார். 1922இல் டிரெஸ்டன் நகருக்குப் போனபோது நார்வே ஓவியர் ஹான்ஸ் ரிக்கெனைச் சந்தித்து, அடுத்த ஆண்டு அவரை மணந்தார். 1924இல் இருவரும் ட்ரோன்ட்ஹெய்ம் கடற்கழியின் முகப்பிலுள்ள ஓர்லண்டில் குடியேறினர். அதே காலத்தில் தூரிகையை வைத்துவிட்டுத் தறிக்கு மாறினார். ஹான்ஸ் அவருக்குத் தறி செய்து கொடுத்தார். பண்ணை ஆடுகளின் ரோமத்தை ஹன்னாவே வாரி நூற்றார். கல்பாசி, மரப்பட்டை, இலை, வேர் எனச் சுற்றுப்புறத்தில் கிடைத்தவற்றிலிருந்து சாயம் எடுத்தார். பெரிய கம்பளங்களைக்கூட மாதிரிப் படம் இல்லாமல் நேரடியாகத் தறியில் நெய்தார்.

அவருடைய நீலத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. கரையாததை ரோமம் உறிஞ்சாது. பழங்காலத்திலிருந்து பல நாட்டுச் சாயக்காரர்கள் கண்ட வழி, அதைப் புளிக்க வைப்பது. ஹன்னா மூத்திரத்தைப் பயன்படுத்தினார். விருந்தாளிகளிடம்கூடக் கேட்டு வாங்கிச் சேர்த்து வைப்பார் என்பது பலரும் எழுதியிருக்கும் செய்தி. பழகப் பழக மூத்திரத்தில் அம்மோனியா பெருகிக் காரத்தன்மை ஏறும். கதகதப்பில் நுண்ணுயிர்கள் வேலை செய்து நீலத்தைக் கரையக்கூடிய வடிவத்துக்கு மாற்றும். நீலம் கரைந்து மஞ்சட்பச்சையாகும். அதில் ஊறிய நூலை வெளியே எடுத்தால் முதலில் பச்சையாகத்தான் இருக்கும். காற்று பட்ட இடமெல்லாம் கண்முன்னே நீலமாக மாறும். ஆழ்ந்த நீலம் வேண்டுமென்றால் திரும்பத் திரும்ப முக்கி எடுக்க வேண்டும். நாற்றம், காத்திருப்பு, சூட்டைக் குறையாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் சேர்ந்ததுதான் அந்த நிறம். கம்பளத்தில் எவ்வளவு நீலம் வேண்டும் என்பது அவர் கையாலேயே உருவாக வேண்டியிருந்ததால், எங்கே நீலம் வைப்பது என்பதும் அவசரமில்லாத தீர்மானமாக இருந்தது. ஒரே தொட்டியில் வெவ்வேறு முறை முக்கிய நூல்களுக்கிடையே உள்ள நுண்ணிய வேறுபாடு அவருடைய பரப்புகளுக்கு உயிர் கொடுக்கிறது. கோப்லானின் எண்ணிட்ட நிற அலமாரியில் இது நடக்காது.

இங்கே முதல் மறுப்பு எழும். இதெல்லாம் வறுமை கற்பித்த சிக்கனம்; இதில் கலைக் கொள்கையைத் தேடுவது மிகையில்லையா? அவர்கள் வசதியற்றவர்கள் என்பது உண்மை. ஆனால் ஆறு ஆண்டுகள் ஓவியம் கற்ற ஒருவருக்கு மாதிரிப் படம் வரைவது செலவில்லாத, மிக எளிய வேலை. ஒரு காகிதச் சுருளும் கரித்துண்டும் போதும். அதை அவர் தவிர்த்ததற்கு வறுமை காரணமாக இருக்க முடியாது. மாதிரிப் படம் இல்லாமல் நெய்வது மிகுந்த ஆபத்துள்ள வேலை. நெய்து முடித்த பகுதியை மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமென்றால் பிரித்தெடுக்க வேண்டும். நூல் ஏறும் வரிசையில்தான் படம் வளரும் என்பதால் முகத்தை முதலில் முடித்துவிட்டு உடலுக்கு வரலாம் என்ற வசதியும் கிடையாது. முழுப் படத்தையும் மாதக்கணக்கில் மனத்தில் தாங்கியபடி, அதன் ஒரு கீற்றை மட்டும் ஒவ்வொரு நாளும் வெளியே கொண்டுவர வேண்டும். கோலத்தில் புள்ளி வைக்காமல் நேரே இழை இழுப்பவரின் துணிவு இதற்கு வேண்டும். அவருடைய உருவங்கள் நேர்முகமாக நிற்பதும், பரப்பு கட்டங்களாகவும் பட்டைகளாகவும் பிரிவதும், ஒரே கம்பளத்தில் வெவ்வேறு நேரத்து நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வருவதும் இந்த முறையிலிருந்து பிறந்தவை. நார்வேயில் இதற்கு முன்னோடி இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பால்டிஷோல் கம்பளத்தில் வளைவுகளின்கீழ் இரண்டு மாதங்கள் இரண்டு உருவங்களாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. தூரம், ஆழம் என்ற ஏமாற்று எதுவும் அதில் இல்லை. ஓவியம் நெசவை அடிமையாக்குவதற்கு முந்தைய மொழி அது. ஐரோப்பிய ஓவியத்தை முறையாகக் கற்ற ஒருவர் அதைத் தெரிந்தே கையிலெடுத்தார். அதைப் பேதைமை என்பது தவறு.

அந்த மொழியைக் கொண்டு அவர் என்ன நெய்தார் என்பதே இரண்டாவது சான்று. 1933இல் ‘கடன் கடலில் மீன்பிடிப்பு’. பொருளாதார நெருக்கடியில் கடனில் மூழ்கிய உழவர்களும் மீனவர்களும் அதில் வருகிறார்கள். அவர்கள் அக்கம்பக்கத்து மக்கள். பிறகு பார்வை கடல் தாண்டுகிறது. 1936இல் ‘கனவுகளின் சாவு’, வதைமுகாமில் அடைக்கப்பட்ட ஜெர்மானிய அமைதிவாதப் பத்திரிகையாளர் கார்ல் ஃபான் ஒஸியெட்ஸ்கியை மையமாகக் கொண்டது. அவருக்கு நோபல் அமைதிப் பரிசு அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். லீஸலோட்ட ஹெர்மான் என்ற இளம் தாய், ஜெர்மனியின் ஆயுதப் பெருக்கம் பற்றிய தகவல்களை வெளியே அனுப்பிய குற்றச்சாட்டில் 1938 ஜூன் மாதம் பெர்லினில் தலை வெட்டப்பட்டார். அந்த ஆண்டே ஹன்னா அவருக்காக ஒரு கம்பளம் நெய்தார். ஒதுக்குப்புறப் பண்ணைக்கு இந்தச் செய்திகள் நாளிதழ் வழியாகவும் வானொலி வழியாகவும் வந்தன. எந்த நிறுவனமும் இவற்றைக் கேட்டுச் செய்யச் சொல்லவில்லை. பட்டறையும் கூலியும் நூல் வணிகரும் தேவைப்படும் கலைஞர் ஒருவர், வாங்க ஆள் இல்லாத இப்படியொரு பொருளை மாதக்கணக்கில் நெய்விக்க முடியுமா? மாதிரிப் படத்தோடு பட்டறை வாசலுக்குப் போன உடனே முதல் தணிக்கை தொடங்கிவிடும்.

இதன் உச்சச் சான்று ஆக்கிரமிப்புக் காலம். 1940இல் ஜெர்மனி நார்வேயைக் கைப்பற்றியது. ஓர்லண்டில் போர்க்கைதிகளின் உழைப்பில் விமானத்தளம் எழுந்தது. 1942 அக்டோபர் 6ஆம் தேதி ட்ரோன்ட்ஹெய்ம் பகுதியில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, பத்து நகரப் பிரமுகர்கள் ‘பரிகாரப் பலி’ என்று சொல்லிச் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த நாட்களில் மேலும் பலர். முதல் பத்துப் பேரில் ஒருவர் நாடக அரங்கின் இயக்குநர் ஹென்ரி கிளெடிட்ஷ். மறு ஆண்டு ஹன்னா ‘6 அக்டோபர் 1942’ கம்பளத்தை முடித்தார். மூன்று பகுதிகளாக நீளும் அதில் ஹிட்லர் கேலிக்குரிய உருவமாக வானில் மிதக்கிறார். நடுவில் கொல்லப்பட்ட கிளெடிட்ஷ். சர்ச்சில் ஒரு சாளரத்தில் தெரிகிறார். இன்னொரு பக்கம் கொந்தளிக்கும் நீரில் ஒரு படகில் ஹன்னாவின் சொந்தக் குடும்பம். எதிரியின் படை பக்கத்திலேயே முகாமிட்டிருந்தபோது அவன் தலைவனைப் பழித்து ஒரு கம்பளம் வளர்ந்தது. துணி பங்கீட்டில் கிடைத்த காலம் அது. வெளியிலிருந்து நூல் வாங்க வேண்டியிருந்திருந்தால், ஓர் உதவியாளரிடம் எண்ணிட்ட மாதிரியைக் கொடுக்க வேண்டியிருந்திருந்தால், இந்தக் கம்பளம் இருந்திருக்காது. 1944இல் ஹான்ஸ் கைது செய்யப்பட்டு ஓஸ்லோவுக்கு அருகிலுள்ள கிரினி முகாமில் அடைக்கப்பட்டார். போர் முடிந்த ஆண்டில் ‘கிரினி’ என்றே ஒரு கம்பளம் பிறந்தது.

நெசவு மிக மெதுவானது, அதனால் எதிர்ப்புக்கு உதவாது என்பது இன்னொரு மறுப்பு. சுவரொட்டி ஒரே இரவில் அச்சாகும். குவெர்னிக்காவைப் பிக்காஸோ சில வாரங்களில் முடித்தார். ஆனால் தேதிகளைப் பாருங்கள்: படையெடுப்பு 1935, ‘எத்தியோப்பியா’ 1935, ஹெர்மானின் மரணம் 1938, அவர் கம்பளம் 1938. மெதுவான கலை நிகழ்ச்சியை மாதங்களுக்குள்ளேயே தொட்டுவிட்டது. அதைவிட முக்கியமானது, எதிர்ப்பில் கம்பளத்தின் வேலை வேறு. சுவரொட்டி மறுநாள் தெருவுக்கு வரச் சொல்லி மக்களை அழைக்கும். நாளிதழ் மறுநாளே பழைய தாளாகிவிடும். ஒரு பெயரை மாதக்கணக்கில் நூலாக முறுக்கிச் சாயத்தில் முக்கி நெய்து வைப்பது, அந்தப் பெயரை மறக்கவிடாமல் செய்யும் வேலை. குவெர்னிக்காவின் பிற்கால வரலாறும் இதைத் தொட்டுச் செல்கிறது. அதன் நெய்த வடிவத்தை 1955இல் ழாக்லின் டூர்பாக் உருவாக்கினார். அது 1985 முதல் ஐ.நா. தலைமையகத்தில் தொங்கியது. 2003 பிப்ரவரியில் ஈராக் போருக்கான வாதங்கள் அங்கே முன்வைக்கப்பட்டபோது அதன்மேல் நீலத் திரை போடப்பட்டது. பாரிஸில் முசோலினியின் தலையை மறைத்தவர்களுக்கும் நியூயார்க்கில் திரை போட்டவர்களுக்கும் கம்பளத்தின் வலிமையைப் பற்றி ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மிகக் கடுமையானதாகக் கருதுகிறேன். சொந்த மண், சொந்த ஆடு, கைத்தறி, முன்னோர் கலை: இந்தச் சொற்களெல்லாம் அதே காலத்தில் நாஜிகளின் வாயிலும் இருந்தன. உழவர் வாழ்வையும் கைவினையையும் அவர்கள் இனத் தூய்மையின் சின்னமாக உயர்த்தினார்கள். நார்வேயில் நாஜிகளோடு கைகோத்த குவிஸ்லிங்கின் கட்சி வைக்கிங் காலச் சின்னங்களை அள்ளிப் பூசிக்கொண்டது. அதற்கும் முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பழைய நார்வே நெசவை மீட்ட இயக்கம் ஒன்று தேசிய உணர்வோடு கலந்தே வளர்ந்தது. அப்படியிருக்க, தற்சார்பை விடுதலையின் அடிப்படை என்று எப்படிச் சொல்வது? தற்சார்பு மட்டும் யாரையும் விடுதலை செய்வதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அது ஒருவருக்குத் தன் விருப்பப்படி பேசும் இடத்தைத் தருகிறது. என்ன பேசுவது என்பதைத் தருவதில்லை. ஹன்னாவின் முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதற்கு அவருடைய முகங்களே சாட்சி: எத்தியோப்பியர்கள், ஜெர்மானியக் கைதிகள், தலை வெட்டப்பட்ட ஒரு கம்யூனிஸ்டுத் தாய். மண்ணின் பெருமை பேசுபவர்கள் நெய்த கம்பளங்களில் பண்ணை அழகாக இருக்கும். இவருடைய பண்ணை கடனில் மூழ்குகிறது. அவரே அந்த மண்ணுக்கு வெளியூர்க்காரர், சுவீடனிலிருந்து வந்தவர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆகவே என் வாதத்தைச் சற்று திருத்திச் சொல்கிறேன்: உற்பத்தியைத் தன் கையில் வைத்திருந்தது அவருக்குத் தடையில்லாமல் பேச வழி செய்தது, வெளியுலகை நோக்கித் திரும்பிய பார்வை அந்த வழியை வீணாக்காமல் காத்தது. ஒன்று இல்லாமல் மற்றொன்று போதாது.

இந்தத் திருத்தத்தைச் சோதித்துப் பார்க்க அவருடைய வாழ்விலேயே ஒரு வாய்ப்பு இருக்கிறது. போருக்குப் பின் அவர் புகழ்பெற்றார். 1964இல் ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் வெனிஸ் கலைவிழாவில் நார்வேயின் சார்பில் அவர் ஆக்கங்கள் இடம்பெற்றன. அதற்கு முன்பே ஓஸ்லோவின் அரசுத் தலைமை அலுவலகக் கட்டடத்துக்காக ‘நாம் ஒரு விண்மீனில் வாழ்கிறோம்’ என்ற பெரிய கம்பளத்தை 1958இல் முடித்திருந்தார். நீள்வட்டத்துக்குள் தழுவி நிற்கும் ஆணும் பெண்ணும், சுற்றிலும் பிரபஞ்சம். நிறமும் அமைப்பும் அற்புதம். ஆனால் அரசின் முகப்புக் கூடத்தில் தொங்க வேண்டிய அந்தக் கம்பளத்தில் எந்த ஆட்சியாளரின் பெயரும் இல்லை, எந்தத் தேதியும் இல்லை. அன்பும் வானமும்தான் இருக்கின்றன. அவருடைய மிக உயர்ந்த ஆக்கங்களின் வரிசையில் இதை நான் வைக்க மாட்டேன். 2011 ஜூலை 22 அன்று ஒரு வலதுசாரித் தீவிரவாதி வைத்த குண்டு அந்தக் கட்டடத்தைச் சிதைத்தபோது கம்பளமும் கிழிந்தது. பழுதுபார்த்தவர்கள் கிழிசல் தெரியும்படியே விட்டார்கள். அரசியல் பெயர் எதையும் சொல்லாத கம்பளத்தின்மேல் அரசியல் தன் தேதியைத் தானே எழுதிவிட்டுப் போனது.

அடுத்த ஆண்டு காஸெல் நகரில் நடந்த டாக்குமெண்டா கண்காட்சியில் அவருடைய பழைய அரசியல் கம்பளங்கள் வைக்கப்பட்டபோது உலகம் அவரை மீண்டும் கவனித்தது. இன்றைய அருங்காட்சியகங்கள் நெசவைக் ‘கைவினை’ என்ற தாழ்வாரத்திலிருந்து ‘கலை’ என்ற கூடத்துக்கு உயர்த்திவிட்டதாகப் பெருமைப்படுகின்றன. அந்த உயர்வு தேவையானதுதான். ஆனால் ஹன்னாவைப் பொறுத்தவரை அது பாதிக் கணக்கு. கூடத்துக்கு வந்த பிறகு கம்பளத்தின் விலையும் காட்சிச் சுவரும் வாங்குபவரும் முன்னால் வந்துவிடுகிறார்கள். சாயத்தொட்டி சுவைக்குரிய கதையாகிவிடுகிறது. தொட்டி, தறி, நாளிதழ் மூன்றையும் ஒன்றாக வைத்துப் படித்தால்தான் அவர் ஏன் மற்றவர்கள் நெய்யத் துணியாததை நெய்தார் என்பது விளங்கும்.

அவருடைய கடைசிக்கால ஆக்கங்களில் ஒன்று இதற்கு உதவும். 1966இல், எழுபத்திரண்டாம் வயதில், யாரும் கேட்காமலே ‘புல்லில் இரத்தம்’ நெய்தார். வியட்நாம் போரைப் பற்றியது. அமெரிக்கா அப்போது நார்வேயின் நேட்டோ கூட்டாளி. ஓர்லண்டின் விமானத்தளமும் நேட்டோவின் தளமாகிவிட்டிருந்தது. பழைய எதிரியைப் பழிப்பது போல இது எளிதன்று, நண்பனைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவது. கண்ணைப் பறிக்கும் பச்சைப் பரப்பினூடே சிவப்புக் கோடுகள் ஓடுகின்றன. ஒரு பக்கத்தில் தொப்பியணிந்த குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்ஸன் தன் நாயோடு இருக்கிறார். வியட்நாமியரின் உடல் எதையும் ஹன்னா நெய்யவில்லை. ஜான்ஸனை மட்டும் அடையாளம் தவறாதபடி நெய்திருக்கிறார்.